அண்டா குடிக்கிற தண்ணீர்: ஒரு மாணவியின் நிகழ்வு ஆய்வு

2023 ஜூன், பள்ளி திறந்த இரண்டாவது வாரம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண்மணி வந்து, கேட்டருகே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் வெகுநேரம் நின்றார். யாரோ ஒரு பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அம்மா என்று நினைத்துக்கொண்டேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் "எங்க சத்துணவு ஆயா!" என்று கத்தினான். அவன் படிக்கிற பள்ளியின் சத்துணவு மையத்தில் சமைப்பவர்.

"பத்தாவதுல கணக்கும் சயின்சும் பாக்கி இருக்கு சார். இந்த வயசுல சொல்லிக் குடுப்பீங்களா?"

அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அதற்குப் பிறகு பதினான்கு மாதம் நடந்ததை அவருடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். அவர் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். இயற்பியலும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இதில் ஏதாவது பயன்படும் என்று தோன்றியதால்தான் எழுதுகிறேன். என் தவறுகளும் இதில் இரண்டு உண்டு.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முப்பத்தொரு வருடமாக இந்த வேலைதான். முதல் இருபத்திரண்டு வருடம் பள்ளியில் பிளஸ் டூ இயற்பியல். அப்புறம் வேலையை விட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்தேன். திண்ணையில் வயது வரம்பு கிடையாது. பின்னம் புரியாத ஆறாம் வகுப்பு, நீட்டுக்குத் தயாராகிற பிளஸ் டூ, பகலில் சிப்காட்டில் ஷிப்ட் பார்த்துவிட்டுச் சாயங்காலம் டிப்ளமா கணக்கோடு வருகிறவர்கள், குரூப் நான்கு தேர்வின் இருநூறு கேள்விகளில் அந்த இருபத்தைந்து திறனறிவுக் கேள்விகளுக்காக மட்டும் வருகிறவர்கள், எல்லாரும் ஒரே பாயில்தான். அறுபத்தேழு வயதில் ஒரு பெரியவரும் வருவார். கரும்பு ஆலை எடை மேடையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பரீட்சை எதுவும் எழுதப் போவதில்லை, பொழுதுபோக்குக்குக் கணக்கு போடுகிறார்.

வந்தபோது இருந்த நிலை

1998-ல் பத்தாம் வகுப்பு எழுதியிருக்கிறார். கணக்கில் 21, அறிவியலில் 29. மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். 2011 டிசம்பர் 30 தானே புயலில் கூரை போனபோது நனைந்து, எழுத்தெல்லாம் ஊறியிருந்தது. அந்த 21 மட்டும் தெளிவாகத் தெரிந்தது. "அது மட்டும் அழியல பாருங்க சார்" என்றார்.

தேவை எளிமையானது. சத்துணவு அமைப்பாளர் வேலை கேட்க வேண்டுமானால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். தனித்தேர்வராக, தவறிய இரண்டு பாடங்களை இப்போதைய பாடத்திட்டத்தில் எழுத வேண்டும். கணக்கில் நூற்றுக்கு 35. அறிவியலில் எழுத்துத் தேர்வு 75-க்கு 20, செய்முறை 25-க்கு 15. நடுவில் ஒரு டுடோரியலில் பணம் கட்டியிருக்கிறார். அங்கே ஒரு கைடைக் கையில் கொடுத்து, ஒரு மார்க் கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அந்தக் கதையை அதிகம் கிளற அவருக்கு விருப்பமில்லை.

முதல் வாரம் ஒரு தாள் கொடுத்தேன். பன்னிரண்டு கணக்கு, எல்லாம் ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை உள்ளவை. நான்கு சரி. பின்னங்களைக் கூட்டும்போது மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருந்தார். அரையும் காலும் சேர்ந்து ஆறில் இரண்டு என்று வந்திருந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு, அரை லிட்டர் எண்ணெயோடு கால் லிட்டர் சேர்த்தால் எவ்வளவு என்று கேட்டேன். "முக்கால்" என்றார். இதையெல்லாமா கேட்பார்கள் என்று அவர் முகம் கேட்டது.

அன்றைக்கு அவர் எவ்வளவு அரிசி போட்டார் என்று விசாரித்தேன். ஒன்று முதல் ஐந்துவரை படிக்கிற பிள்ளைக்கு 100 கிராம், ஆறு முதல் எட்டுவரை 150 கிராம் என்பது அளவு. சின்ன வகுப்பில் 83 பேர், பெரிய வகுப்பில் 46 பேர் வந்திருந்தார்கள். "எட்டு முந்நூறு. அப்புறம் நாப்பத்தாறு, அதுல பாதி இருபத்திமூணு, சேத்தா அறுபத்தொம்பது, ஆறு தொள்ளாயிரம். மொத்தம் பதினஞ்சு கிலோ இருநூறு." பேப்பர் இல்லை, பேனா இல்லை. பக்கத்தில் இருந்த பிளஸ் டூ பையன் 46-ஐ 150-ஆல் பெருக்க நோட்டைத் திறந்துகொண்டிருந்தான்.

இப்படிப்பட்ட ஆட்கள் நிறைய உண்டு என்பது கல்வி ஆய்வில் பழைய செய்தி. பிரேசிலின் ரெசிஃபே நகரத்துச் சந்தையில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 1985-ல் வெளிவந்தது. வியாபாரத்தின்போது போட்ட கணக்கில் 98 சதவீதம் சரி. அதே பிள்ளைகளிடம் அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. அவ்வளவு தூரம் போவானேன். 1825-ல் மெட்ராஸில் அச்சான தன் காலக்கணக்கு நூலில் ஜான் வாரன், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, எழுதாமலே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். எங்கள் எடை மேடைப் பெரியவருக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். தானும் அந்த வம்சம் என்பார்.

ஆக, இவருக்குக் கணக்கு வரும், தாளில்தான் வரவில்லை என்று முதல் வாரமே எழுதி வைத்துக்கொண்டேன். அது பாதிதான் சரி.

என் முதல் தவறு

மூன்றாவது வாரம் விகிதம். அவருக்குப் பழகிய விஷயத்திலேயே தொடங்கலாம் என்று, நானே யோசித்து ஒரு கணக்கு கொடுத்தேன். ஒரு கிலோ அரிசிக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் என்றால் எட்டு கிலோ அரிசிக்கு எவ்வளவு? வடிக்கிற சோறு இல்லை, சாம்பார் சாதம் மாதிரி கலவை சாதம் என்றும் சொல்லிவிட்டேன்.

பிளஸ் டூ பையன் கேட்காமலே "இருபது" என்றான். இவர் கொஞ்ச நேரம் யோசித்து நோட்டில் 16½ என்று எழுதினார். நான் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு இன்டு போட்டு, பக்கத்தில் 8 × 2½ = 20 என்று எழுதிக்கொடுத்தேன். பிளஸ் டூ பையன் சிரித்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஐந்து நாள் வரவும் இல்லை.

திரும்பி வரச் செய்தது நானில்லை, ஆறாம் வகுப்புப் பையன். "ஏன் ஆயா வரல?" என்று பந்தியில் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறான். வந்தவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "சார், நீங்க சொன்ன மாதிரி எட்டு கிலோவுக்கு இருபது லிட்டர் ஊத்தினா அது சோறு இல்ல, கஞ்சி. புள்ளைங்க தட்டோட கவுத்துடும்."

அப்படியானால் எவ்வளவு ஊற்றுவீர்கள் என்றேன்.

"கிலோவுக்கு ரெண்டு. அது போக ஒரு அரை. அந்த அரை அரிசிக்கு இல்ல சார். அது அண்டா குடிக்கிற தண்ணி. ஒரு கிலோ போட்டாலும் பத்து கிலோ போட்டாலும் அண்டா அதே அரையத்தான் குடிக்கும்."

முப்பத்தொரு வருடத்தில் ஒரு மாணவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நல்ல வாக்கியம் இது. கேட்ட உடனே புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அன்று ராத்திரி என் மனைவியின் திட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே அளந்து பார்த்தேன். ஒரே பாத்திரம், ஒரே தீ, ஒரே மூடி. கால் கிலோ அரிசிக்கு முக்கால் லிட்டர் தேவைப்பட்டது. அரை கிலோவுக்கு ஒன்றேகால். ஒரு கிலோவுக்கு இரண்டேகால். கண் அளவுதான், ஆனால் போக்கு தெளிவாக இருந்தது. அரிசி இரண்டு மடங்கானால் தண்ணீர் இரண்டு மடங்காகவில்லை. எங்கள் வீட்டுப் பாத்திரம் கால் லிட்டர் குடிக்கிறது, பள்ளிக்கூட அண்டா அரை லிட்டர் குடிக்கிறது.

காரணம் கடினமில்லை. சோற்றுக்குள் போகிற தண்ணீர் அரிசியின் அளவைப் பொறுத்தது. ஆவியாகி வெளியே போகிற தண்ணீர் தீயையும், மூடியையும், பாத்திரத்தின் வாயையும், எவ்வளவு நேரம் கொதிக்கிறது என்பதையும் பொறுத்தது. அரிசி கூடினாலும் வேகிற நேரம் பெரிதாகக் கூடுவதில்லை. அதனால் ஒரு பங்கு மடங்காகக் கூடுகிறது, இன்னொரு பங்கு கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. வரைபடத்தில் போட்டால் நேர்கோடுதான், ஆனால் தொடக்கப் புள்ளி வழியாகப் போகாத நேர்கோடு. அவர் எழுதிய 16½ அந்தக் கோட்டின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறது. என் 20 உட்காரவில்லை.

முக்கியமான இடம் இதுதான். அவருக்குக் கணக்கு தெரியும், தாளில் எழுதத் தெரியவில்லை என்று நான் எழுதி வைத்திருந்தேனே, அந்தக் குறிப்பைத் திருத்த வேண்டியிருந்தது. தாளில் இருந்த கேள்வியே அவருடைய அண்டாவைவிட எளிமையானது. அவர் தெரிந்ததை விட்டுவிட்டு எளிமையாக்கத் தயாராக இல்லை. பன்னிரண்டில் எட்டு தவறு என்றேனே, அந்தத் தாளை மறுபடி எடுத்து ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டேன். ஐந்து உண்மையிலேயே தெரியாதவை, பின்னம் அதில் ஒன்று. மூன்று இந்த வகை. "8 பேர் 6 நாளில் முடிக்கும் வேலையை 12 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்" என்பதற்கு அவர் 5 என்று எழுதியிருந்தார். காரணம்: "ஆள் கூடினா காய் வேகமா நறுக்கலாம் சார். சோறு வேக வேண்டிய நேரம் வெந்துதானே ஆகணும்?"

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. நான்கு நாள் என்று சொன்னால் நான்கு நாள். பதினேழு வயசுக்காரனுக்குச் சூத்திரம் இருக்கிறது, அதற்கு வெளியே பார்க்க அவனுக்கு நேரமில்லை. நாற்பது தாண்டி வருகிறவர்களுக்குத்தான் கேள்விக்குள் இல்லாத உலகம் குறுக்கே வந்து நிற்கிறது. ஒரே தவறான விடையை மூன்று வயதில் மூன்று பேர் எழுதினால், மூன்றுக்கும் காரணம் வேறு. இதை நான் பள்ளியில் இருந்த இருபத்திரண்டு வருடத்தில் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் அங்கே எல்லாருக்கும் ஒரே வயது.

சுழியில் வைத்துப் பார்ப்பது

அதற்கப்புறம் செய்ததை இரண்டு விதமாகச் சொல்லலாம். பின்னம், குறி எண்கள், இயற்கணிதம் எல்லாம் வழக்கமான பயிற்சி, தினம் ஒன்றரை மணி நேரம். அதில் புதுமை ஒன்றும் இல்லை. பின்னத்துக்குப் பெரியவர் உதவினார். அவருக்குச் சின்ன வயதில் வாய்ப்பாடாக வந்தது கால், அரைக்கால், வீசம். அரைக்கால் எட்டில் ஒன்று, வீசம் பதினாறில் ஒன்று. "கால்ல பாதி அரைக்கால், அரைக்கால்ல பாதி வீசம், கீழ இருக்கிற நம்பர் பெருசானா துண்டு சின்னதாகுதும்மா" என்று அவர் சொன்ன பிறகு, கீழ் எண்களைக் கூட்டுகிற பழக்கம் தானாக நின்றது.

இன்னொன்று, எது நேர்விகிதம், எது இல்லை என்று கண்டுபிடிப்பது. இதற்கு ஒரு சோதனைதான் வைத்தோம்: ஒன்றுமே இல்லாத நாளில் என்ன ஆகும்? ஒரு பிள்ளைகூட வராத நாளில் எவ்வளவு அரிசி வேண்டும்? வேண்டாம். அப்படியானால் நேர்விகிதம், கோடு தொடக்கப் புள்ளி வழியாகப் போகும். அரிசியே போடாமல் அண்டாவை அடுப்பில் வைத்தால் தண்ணீர் குறையுமா? குறையும். அப்படியானால் கோடு மேலே தூக்கிக்கொண்டு தொடங்கும்.

இது திண்ணை முழுக்கப் பரவிவிட்டது. கேஸ் சிலிண்டர் ஒன்றைத் தராசில் வைத்தால் காட்டுவது கேஸ் இல்லை, கேஸும் இரும்பும். வீட்டு சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ, காலி சிலிண்டரின் எடை மேலேயே பொறித்திருக்கும். அது சிலிண்டர் குடித்தது. பெரியவர் எடை மேடையிலிருந்து ஒன்று சொன்னார்: "லாரி ஏறினதும் காட்டுறது கரும்பு இல்ல. திரும்பி வர்றப்போ காலி வண்டியையும் போட்டுக் கழிச்சாதான் கரும்பு." லாரி குடித்தது. டிப்ளமா படிக்கிறவர், பரிசோதனைக் கூடத்தில் ஸ்பிரிங்கின் நீட்சியை அளந்தால் கோடு ஏன் சுழியில் தொடங்குவதில்லை என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கொக்கியின் எடையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இதை அவருக்குச் சொன்னது நானில்லை, சமையல்காரம்மா.

மூன்றைத் தெரிந்துகொண்டு நான்காவதைக் கண்டுபிடிக்கிற இந்த முறை பழையது. ஆரியபட்டர் 499-ல் எழுதியதிலேயே திரைராசிகம் என்று இருக்கிறது. பழையது, வசதியானது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் அதையே போடத் தோன்றுகிறது. பிளஸ் டூ பையனுக்கு இருந்த நோய் அதுதான், சமையல்காரம்மாவுக்கு நேர் எதிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கெடிலம் கடலைத் தொடுகிற பக்கம்தான் புனித டேவிட் கோட்டை. 1690-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. நாலா பக்கமும் சுட்டு எல்லை குறித்தார்கள். குண்டு கிராமங்கள் என்ற பெயர் அப்படி வந்ததுதான். குண்டு உப்பலவாடி இன்றைக்கும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

குண்டு கிளம்புகிற வேகம் இரண்டு மடங்கானால் கம்பெனிக்கு எவ்வளவு தூரம் கிடைத்திருக்கும் என்று கேட்டேன். "டபுள்" என்றான் பையன். வீச்சு வேகத்தின் இருபடியைப் பொறுத்தது என்ற சூத்திரம் அவன் நோட்டிலேயே இருந்தது. தூரம் நான்கு மடங்கு, பரப்பு பதினாறு மடங்கு. அவன் தலையில் அடித்துக்கொண்டான். அப்போது இவர் கேட்டார்: "காத்து சும்மா விட்டுடுமா சார்? அது கொஞ்சம் குடிக்காதா?" குடிக்கும். வேகமாகப் போகிற குண்டிலிருந்து காற்று மிக அதிகமாகவே குடிக்கும். நான்கு மடங்கு கிடைக்காது. அதைக் கரும்பலகையில் போட்டுக் காட்ட என்னால் முடியும், பத்தாம் வகுப்புக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பையன் அன்று ராத்திரி எனக்குப் போன் செய்து கேட்டான்.

இயற்பியல்

இது எதிர்பார்த்ததைவிட எளிதாகப் போனது. வெப்ப இயற்பியல் அவர் அடுப்பங்கரை. கொதி வந்ததும் ஏன் தீயைக் குறைக்கிறீர்கள் என்றேன். "அதுக்கு மேல சூடு ஏறாது, கேஸ்தான் வீண்." கொதிக்கிற தண்ணீர் திறந்த பாத்திரத்தில் கிட்டத்தட்ட 100 டிகிரியிலேயே நிற்கும், கூடுதலாகக் கொடுக்கிற வெப்பமெல்லாம் ஆவியாக்கத்தான் போகும் என்பதைப் பாடப்புத்தகம் ஒரு பக்கத்தில் சொல்கிறது. அண்டா குடிக்கிற அந்த அரை லிட்டருக்கும் கணக்கு போட்டோம். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2260 கிலோஜூல். அரை லிட்டருக்கு 1130. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 46,000 கிலோஜூல். பாதி வெப்பம் வெளியே போய்விடும் என்று வைத்துக்கொண்டால் 50 கிராம் கேஸ். "ஒரு வருஷத்துக்கு?" என்று அவரே கேட்டு, 220 நாள் என்று போட்டு, 11 கிலோ என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாளே அண்டா மூடிமேல் கல் வைத்துவிட்டதாகச் சொன்னார்.

தடுமாறிய இடம் நிறையும் எடையும். தராசில் போட்டால் எடை, கடையில் கேட்டால் எடை, ரேஷனில் எடை. எல்லாம் கிலோ. புத்தகம் மட்டும் அது நிறை என்கிறது, எடைக்கு நியூட்டன் என்கிறது. 50 கிலோ அரிசி மூட்டையின் எடை 490 நியூட்டன் என்று எழுதும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். இதில் நம்மேல்தான் குற்றம். ஊரே எடை என்று சொல்கிற சொல்லை எடுத்து வேறு ஒன்றுக்கு வைத்துக்கொண்டு, ஊர் தவறாகச் சொல்கிறது என்கிறோம். கடைசியில் "மூட்டை நிறை, முதுகு எடை" என்று அவராகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். தூக்குகிறவர் உணர்வது எடை. மோசமில்லை.

என் இரண்டாவது தவறு

2024 மே மாதம் முடிவு வந்தது. அறிவியல் எழுத்தில் 31, செய்முறையில் 23, தேர்ச்சி. கணக்கில் 31. நான்கு மார்க்கில் போய்விட்டது.

கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேள்வியாகக் கேட்டேன். எட்டு மார்க் வரைபடக் கேள்வியில் முப்பத்தைந்து நிமிடம் போயிருக்கிறது, அதுவும் முடியவில்லை. மூன்று மணி நேரத் தாளில் அது பெரிய ஓட்டை. அதில் அண்டா எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறார். மாதிரித் தாள் ஒன்றில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பஸ் என்று ஒன்று கொடுத்துப் பார்த்தேன். உடனே தெரிந்துவிட்டது. "பஸ் ஸ்டாண்டுல ஆள் ஏறுற வரைக்கும் நிக்குமே சார், அந்த நேரத்தை எங்க போடறது?"

நான்தான் கற்றுக்கொடுத்தேன். எல்லாவற்றிலும் மறைந்திருக்கிறதைத் தேடு என்று பழக்கிவிட்டு, எங்கே தேடக் கூடாது என்று சொல்லாமல் அனுப்பியிருக்கிறேன். அந்த 16½-ஐக் கண்டுபிடித்த பெருமையில் பரீட்சை என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

கேள்வியில் சொல்லாததைச் சேர்க்கக் கூடாது என்று நான் நான்கு விதமாகச் சொன்னேன். தலையை ஆட்டினாரே தவிர ஏறவில்லை. சரி, உங்கள் வேலையில் இப்படி எங்கேயாவது உண்டா, உள்ளது ஒன்று, எழுதுவது ஒன்று என்றேன்.

"ரிஜிஸ்டர்" என்றார். ரிஜிஸ்டரில் ஒரு பிள்ளைக்கு நூறு கிராம் என்றால் நூறு கிராம், 83 பிள்ளை என்றால் எட்டு கிலோ முந்நூறு. பந்தியில் ஒரு பிள்ளை இரண்டாம் தடவை கேட்கும், ஒன்று பாதியில் எழுந்து போகும். ரிஜிஸ்டரில் அதற்குக் கட்டம் கிடையாது. "அப்போ கொஸ்டின் பேப்பர் ரிஜிஸ்டர் மாதிரி. பந்தி மாதிரி இல்ல."

ஆமாம் என்றேன். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. ஜூலை துணைத் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் நோட்டின் ஓரத்தில் "ரி" என்று எழுதிக்கொண்டு தொடங்கினார். தேர்வில் 44.

இதற்குப் பிறகு

தேர்ச்சிச் சான்றிதழ் வந்தது. அமைப்பாளர் வேலைக்கு மனு கொடுத்திருக்கிறார். இதை எழுதுகிற 2024 டிசம்பர்வரை ஒன்றும் வரவில்லை. பிளஸ் டூ பையன் புதுச்சேரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்துவிட்டான். நீட் வரவில்லை, அவனுக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்த அம்மா ஒரு நூலோடு வந்தார். மையத்துக்குப் புது அண்டா வந்திருக்கிறதாம். பழையதற்கு வாய் இரண்டடி, புதியதற்கு இரண்டரை அடி, நூலால் அளந்து கொண்டுவந்திருந்தார். அரை லிட்டர் போதவில்லை, முக்கால் ஊற்றுகிறேன், ஏன் என்றார். ஏன் என்று நீங்களே போடுங்கள் என்றேன். உட்கார்ந்து வட்டத்தின் பரப்பு எழுதினார். ஒன்றேகாலை ஒன்றேகாலால் பெருக்கினால் 1.56, அதில் பாதி 0.78. முக்காலுக்கு ஒட்டி வந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அவருக்கு இல்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாய் பெருசானதுக்கு மட்டும்தானே சார் இந்தக் கணக்கு? புது அண்டாவுக்குப் பெரிய பர்னர் வேற போட்டிருக்கேன். தீயும் சேந்தா இன்னும் ஜாஸ்தியால்ல குடிக்கணும்? எப்படி முக்கால்லயே நிக்குது?"

கொதிக்கிற தண்ணீரில் வாயைவிடத் தீதான் பெரிய கணக்கு, அவர் கேட்டது நியாயம். மூடி இன்னும் இறுக்கமாக உட்காருகிறதோ என்றேன். இருக்கலாம் என்றார், நம்பாத குரலில். அரிசி போடாமல் வெறும் தண்ணீரை வைத்து, மூடியோடு ஒரு தடவை, மூடி இல்லாமல் ஒரு தடவை கொதிக்கவிட்டு அளப்பது என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடத்து கேஸில் அதைச் செய்ய அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ரிஜிஸ்டரில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றார். அதனால் எங்கள் வீட்டில்தான். வாடகைப் பாத்திரக் கடையில் இரண்டரை அடி வாய் அண்டா ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.